ஏரிக்கரையில் ஒரு நீதிபதி

ஆடையின்றி உலவும் தீவுக்கரைகளைப் பற்றி மாணவர் ஒருவர் நம்மை வினவினார். ஸ்பிரிங்வெளிக் குளிரில் கம்பளி போர்த்தியிருந்த நமக்கு நடுக்கமே கண்டது! மேனாட்டுப் புதுமையென்றே நாமும் எண்ணியிருந்தோம். ஆயின், 1891-ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாகாணத்துத் தாணாவில் நீதிபதியாயிருந்த கிராஃபர்டு என்னும் ஆங்கிலேயர் இதற்கெனச் சங்கமொன்று நிறுவினார். அங்கத்தினர் மூவரே. சால்சேட் தீவில், காடு சூழ்ந்த துளசி ஏரிக்கரையின் தனிமையில் அவர்கள் ஆடை துறந்தனர். நீதிபதி இரத்தினகிரிக்கு மாற்றலாகவே சங்கமும் கலைந்தது.

நம் பாட்டன்மார் கோவணத்துடன் கொத்து வேலை செய்தபோது அதனை அநாகரிகமென்று நகைத்த துரைமார் எத்தனை பேர்! அவர்கள் இனத்தவரே விரும்பித் துறந்தால் அதற்குத் தத்துவம் என்று பெயர். எட்வர்டு கார்ப்பென்டர் என்னும் எழுத்தாளருக்கு அந்நீதிபதி வரைந்த கடிதங்களால் இச்செய்தி வெளிப்பட்டது.