மோட்டார் பெரிதா, படகு பெரிதா?

அண்மைக் காலமாக நம் சங்கத்துக் குடும்பங்களில் சொந்தமாகச் சிறு படகு வாங்குவோர் பெருகி வருகின்றனர். விடுமுறை நாளில் தூண்டில் போடச் சிலர். தோப்பில் விளைந்த தேங்காய், பாக்கு மூட்டைகளைக் கிரீக் வழியே ஜெட்டிக்குக் கொண்டுவரச் சிலர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் கடலைச் சுற்றிக் காட்டச் சிலர். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் படகு மோட்டார்களைப் பழுது பார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், இவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எனக்குக் கவலையைத் தருகிறது. "அண்ணே, இதுல அதிகபட்சம் எத்தனை ஹெச்.பி. மாட்டலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். "எத்தனை பேர் ஏறலாம்?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்த பிறகே முதல் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது என் கருத்து.

அந்தமானில் முன்பெல்லாம் படகு என்றால் மரப்படகுதான். 2002ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்த பின் நல்ல மரம் கிடைப்பது அரிதாயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகின. இப்போது சிலர் அலுமினியப் படகைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. அலுமினியம் எடை குறைந்தது. 14 அடிப் படகை இரண்டு மூன்று பேர் சேர்ந்து மணலில் இழுத்துவிடலாம். மரத்தைத் துளைக்கும் கடற்புழு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எடை குறைந்த படகு என்பதாலேயே அதன் பின்புறம் தாங்கும் சுமையும் குறைவு. பெரிய மோட்டாரை மாட்டி, ஓட்டுபவரும் பெட்ரோல் டாங்கும் பின்னால் அமர்ந்தால் பின்பலகை தண்ணீரை ஒட்டி நிற்கும். ஓர் அலை பின்னாலிருந்து வந்தால் போதும், படகு நிறைந்துவிடும். முதலை நடமாடும் நம் கிரீக்குகளில் படகு நிறைந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும், கடைக்கும், அரசுப் பணிக்கும், தோட்ட வேலைக்கும் வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களும் மலையகத்து மக்களே. பரம்பரை மீனவனுக்குப் படகில் கால் வைத்ததுமே பாரம் தெரியும். நிக்கோபாரி முதியவர் தம் ஹோடியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதைச் சிறு வயதிலேயே கற்றவர். நமக்கு அந்த அறிவு தாய்ப்பாலோடு வரவில்லை. ஆகவே நாம் கணக்குப் போட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வகுத்துள்ள விதி நமக்கு நல்ல வழிகாட்டி. படகின் நீளத்தையும் பின்பக்க அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்க வேண்டும். 14 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 56. தட்டையான அடிப்பாகமும் கையால் பிடித்துத் திருப்பும் மோட்டாரும் உள்ள படகானால், அந்த எண்ணில் பாதியை எடுத்து 15ஐக் கழிக்க வேண்டும். 28இல் 15 போனால் 13. அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தினால் 15 ஹெச்.பி. அடிப்பாகம் 'வி' வடிவமாக இருந்தால் அதே அளவுப் படகுக்கு 20 வரை வரும். 12 அடிக்கு 4 அடி உள்ள தட்டைப் படகுக்கு 10க்கு மேல் கூடாது. இவையெல்லாம் உச்சவரம்பு என்பதை மறந்துவிடக் கூடாது. அவ்வளவு மாட்டியே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. படகு செய்தவரே தகடு அடித்து வரம்பு எழுதியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இனி பாரத்துக்கு வருவோம். மேலே சொன்ன 14 அடித் தட்டைப் படகு ஏறக்குறைய 100 கிலோ. 15 ஹெச்.பி. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 50 கிலோ. பெட்ரோலும் டாங்கும் 25 கிலோ. நங்கூரம், கயிறு, துடுப்பு, தண்ணீர், சாப்பாடு என்று இன்னும் 35 கிலோ. ஆள் ஏறும் முன்பே 210 கிலோ ஆகிவிட்டது. இரண்டு பேர் ஏறினால் 350. நான்கு பேர் ஏறினால் 490. சிறு படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் ஒரு ஹெச்.பி.க்கு 20 முதல் 25 கிலோ வரைதான் பாரம் இருக்கலாம் என்பது தொழில் அனுபவம். இரண்டு பேருடன் 15 ஹெச்.பி. அதைச் செய்துவிடும். நான்கு பேருடன் செய்யாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறத்தை அழுத்திக்கொண்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு தவிக்கும்.

இந்த இடத்தில்தான் பலர், "அப்படியானால் 25 மாட்டிவிடலாமே" என்கிறார்கள். கடைக்காரருக்கும் அது சம்மதம். ஆனால் 25 மாட்டினால் பின்பலகையில் எடை மேலும் கூடுமே தவிர, படகு தாங்கும் அளவு ஒரு கிலோகூடக் கூடாது. நான்கு பேர் போகத்தான் வேண்டும் என்றால் இரண்டே வழிகள். ஒன்று, இன்னும் பெரிய படகு வாங்குவது. இரண்டு, மெதுவாகப் போவது. 14 அடிப் படகு எழும்பாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் இயல்பான வேகம் ஏறக்குறைய 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். அமைதியான நீரில் அதற்கு 6 முதல் 8 ஹெச்.பி.யே போதும். அதிலும் அலை அமைதியாக இருக்கும் நாளில், கரையை ஒட்டித்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

2014ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதியை நம்மால் மறக்க முடியாது. ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் இடையே 'அக்வா மெரைன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேருக்கும் மேல் இறந்தனர். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா வந்த நம் மக்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்ததாக அப்போது செய்திகள் கூறின. அது நாம் பேசும் சிறு படகைவிடப் பெரியது. ஆயினும் பாரத்தின் கணக்கு பெரிய படகுக்கும் சிறிய படகுக்கும் ஒன்றுதான். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் அத்தனை உயிர்களும் போயின. "பக்கத்திலேதானே போறோம்" என்று சொல்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மோட்டார் வாங்கும்போது கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. முதலாவது, தண்டின் நீளம். பின்பலகையின் உயரத்தை அளந்து பாருங்கள். 15 அங்குலமானால் குட்டைத் தண்டு, 20 அங்குலமானால் நீளத் தண்டு. நீளப் பலகையில் குட்டைத் தண்டை மாட்டினால் அலையில் விசிறி காற்றைக் கடித்து வெறுமனே சுற்றும். குட்டைப் பலகையில் நீளத் தண்டு, நீர் வற்றும் நேரத்தில் பவளப்பாறையில் இடிக்கும். இரண்டாவது, இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா என்பது. முன்னது எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் புகையும் பெட்ரோல் செலவும் அதிகம். பின்னது எடை கூடினாலும் சிக்கனமானது. மூன்றாவது, உதிரிப் பாகம். சென்னையிலிருந்து கப்பலில் வர மூன்று நாள் ஆகிறது. கப்பல் இல்லாத வாரமும் உண்டு. யமஹாவா, சுசுகியா என்று வாதாடுவதைவிட, எந்த மோட்டாருக்கு நம் ஊரில் சாமான் கிடைக்கிறது, எதைத் திறந்து பார்க்க ஆள் இருக்கிறார் என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

அலுமினியத்துக்கென்று தனிக் கவனமும் தேவை. உப்புநீரில் அலுமினியமும் வேறு உலோகமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை இப்படகின் அடியில் அடிக்கவே கூடாது. மோட்டாரில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மோட்டாரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. அதன் மேல் பெயிண்ட் அடிப்பதும், பாதி கரைந்த பின் மாற்றாமல் விடுவதும் தவறு. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரை மோட்டாருக்குள் ஓடவிட வேண்டும். குடிநீருக்கே திண்டாடும் கோடைக்காலத்தில் இது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் ஒரு வாளி தண்ணீர் மிச்சம் பிடித்து மோட்டாரை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"பெரிய மோட்டார் இருந்தால் காற்று கிளம்பும்போது சட்டென்று கரை சேரலாமே" என்று ஒரு வாதம் உண்டு. காற்று கிளம்பிய கடலில் 14 அடிப் படகு வேகமாக ஓட முடியாது. ஓட்டினால் அலைக்கு அலை தூக்கி எறியும். அந்த நேரத்தில் உதவுவது குறைந்த பாரம், தாழாத பின்பலகை, போதிய பெட்ரோல் ஆகியவைதான். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று ஒதுக்குங்கள். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் கையில் மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் மோட்டார் உடனே நின்றுவிடும். துடுப்பு இரண்டு, ஆளுக்கொரு லைப் ஜாக்கெட், நனையாத பையில் கைபேசி ஆகியவை இல்லாமல் ஜெட்டியை விட்டு நகரக் கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் வீட்டிலுள்ளோருக்கும் தெரிந்திருக்கட்டும். கைபேசிக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது என்பதால், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இன்னும் முக்கியம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, லைப் ஜாக்கெட்டுகள் வாங்கி வைத்து, படகு உள்ள குடும்பங்களுக்கு இரவல் கொடுக்கலாம். குழந்தைகளின் அளவிலும் சில இருக்க வேண்டும். ஆண்டுதோறும் மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன், அனுபவமுள்ள மீனவர் ஒருவரை அழைத்து ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். அவர் தெலுங்கராக இருந்தால் என்ன, வங்காளியாக இருந்தால் என்ன? கடலுக்கு மொழி கிடையாது. அன்றைக்கே ஒவ்வொரு படகின் நீள அகலத்தை அளந்து, இத்தனை பேர், இத்தனை ஹெச்.பி. என்று உள்பக்கத்தில் பெயிண்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். மோட்டாரைக் கழற்றிச் சரிபார்க்கும் வேலையை அன்று கூலியின்றிச் செய்து தர நான் தயார்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன், ஒரு தாளில் தம் குடும்பத்தார் எத்தனை பேர், அவர்கள் எடை எவ்வளவு, எவ்வளவு தூரம் போக எண்ணுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதை வைத்துப் படகைத் தேர்ந்தெடுப்போம். மோட்டாரை அதன் பிறகு பேசலாம்.