மஞ்சள் மருமகள்

மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப் பூ தேடி அலையும் சகோதரிகளே! பிப்ரவரிக் குளிரில் தேரையே பூவால் மூடும் ஊர் ஒன்று உண்டு, தெரியுமா?

பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில், கடலைப் பார்த்த குன்றின் மேல் போர்ம் என்ற பழைய கிராமம். அங்கே மலர் ரதங்கள் பவனி வரும். மஞ்சள் மிமோஸாப் பூதான் விழா நாயகி. 1968-ல் ஊர் தன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அவளோ 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மருமகள்!

நம் நீலகிரிக்கும் வந்தாள்; சீகை மரம் என்கிறோம். இங்கே மலைப் புல்வெளிகளையே விழுங்கிவிட்டாள். அங்கும் காட்டை அடைத்துக்கொள்கிறாள் என்ற குறை உண்டு. ஊட்டியில் கண்டால் ஆசை தீர ரசியுங்கள். விதையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வராதீர்கள்!