இன்றைக்கு மட்டும்

கடைத்தெருவிலே ஒரு குழந்தை இனிப்புக் கேட்டு அழுகின்றது. தாய் மறுக்கிறாள். குழந்தை குரலை உயர்த்துகின்றது. வழியே போவோர் திரும்பிப் பார்க்கின்றனர். "சரி, இன்றைக்கு மட்டும்" என்று சொல்லித் தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். மறுநாளும் அதற்கடுத்த நாட்களும் உறுதியாய் மறுக்கிறாள். ஐந்தாம் நாள் மீண்டும் இணங்குகிறாள். மூன்று நாள் மறுத்தோமே, ஒரு நாள்தானே கொடுத்தோம் என்பது தாயின் கணக்கு. குழந்தையின் கணக்கோ வேறு. அந்தக் கணக்கைப் பற்றியே இவ்வாரம் நேயர்களோடு சிறிது பேசக் கருதுகின்றோம்.

பழக்கம் என்பது எவ்வாறு உண்டாகிறது என்று பேசத் தொடங்கினால், ருஷ்ய அறிஞர் பவ்லோவின் நாயை எவரும் விட்டுவைப்பதில்லை. உணவுக்கு முன் ஓர் ஓசையைப் பலமுறை கேட்கச் செய்தால், பின்னர் அந்த ஓசை ஒன்றே நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும். மாணவர்கள் இதனைப் பாடநூலில் படித்திருப்பர். (பவ்லோவுக்கு 1904இல் நோபெல் பரிசு கிடைத்தது இதற்காகவன்று, உணவு சமிபாடடையும் முறை பற்றிய ஆராய்ச்சிக்காகவே.) ஆனால், நமது கடைத்தெருக் குழந்தை அந்த நாயைப் போன்றதன்று. உணவைப் பெறுவதற்கு நாய் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஓசையைத் தொடர்ந்து உணவு தானாகவே வந்தது. குழந்தையோ ஒன்றைச் செய்கின்றது. செய்ததன் பயனாக ஒன்றைப் பெறுகின்றது. பெற்றதனால் அச்செயலை மறுபடியும் செய்கின்றது. இவ்வாறு செயலின் பின்னே வரும் பயன் அச்செயலுக்கு வலுவூட்டுவதையே மீளவலியுறுத்தல் என்பர். கூண்டில் அடைபட்ட பூனைகள் தாழ்ப்பாளை நீக்கி வெளியேறப் பழகிய விதத்தை 1898இல் அமெரிக்கரான தோண்டைக் எழுதிவைத்தார். அதன் பின் இத்துறையை விரிவாக வளர்த்தவர் ஸ்கின்னர்.

ஸ்கின்னர் ஒரு பெட்டியினுள் எலியை விட்டார். பெட்டியிலே ஒரு சிறு நெம்புகோல். எலி அதனை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகள் கடையில் வாங்கியவையல்ல. மருந்துக் குளிகை உருட்டும் பொறியொன்றைக் கொண்டு அவரே வருந்திச் செய்தவை. எட்டு எலிகள், எலியொன்று நாளொன்றுக்கு நூறு உருண்டைகள் தின்னும். இனிய சனிக்கிழமையொன்றின் பிற்பகலில் அவர் கையிருப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். அன்று மாலைப்பொழுதெல்லாம் இருந்து உருட்டினாலன்றித் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. அழுத்துந்தோறும் ஏன் உருண்டை கொடுக்கவேண்டும் என்று அப்போது அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார். இக்கதையை அவரே 1956இல் வெளியான ஒரு கட்டுரையிலே நகைச்சுவையுடன் சொல்லியிருக்கிறார்.

கூலி குறைந்தால் வேலையும் குறையும் என்றுதானே நாம் எண்ணுவோம்? எலிகள் சோரவில்லை, ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தன. உணவை முற்றாக நிறுத்திப் பார்த்தபோது கண்டது இன்னும் வியப்பானது. ஒவ்வொரு முறையும் உணவு பெற்றுப் பழகிய பிராணி, உணவு நின்றதும் விரைவில் முயற்சியைக் கைவிடும். இடையிடையே மட்டும் பெற்றுப் பழகியதோ எளிதில் விடுவதில்லை. இவ்வாறு பழக்கப்பட்ட புறாக்கள் ஒன்றும் கிடையாமலே ஆயிரக்கணக்கான தடவை கொத்தியதுண்டு. காரணம் விளங்காததன்று. தவறாமல் கிடைத்துவந்தது ஒருநாள் கிடையாவிட்டால் நிலைமை மாறிவிட்டது என்பது உடனே தெரிந்துவிடும். எப்போதாவது கிடைப்பது ஒருநாள் கிடையாமற் போவதில் என்ன புதுமை? லொத்தர்ச் சீட்டு வாங்குவோரும், செய்தி ஏதும் வந்ததோ என்று கைத்தொலைபேசியை நிமிடத்துக்கொரு தடவை எடுத்துப் பார்ப்போரும் இவ்விடத்திலே சற்று நின்று சிந்திக்கலாம்.

கடைத்தெருத் தாய் மூன்று நாள் மறுத்தது வீணானது மட்டுமன்று, அழுகைக்கு உரமுமாயிற்று. மறுப்புக்குப் பின்னரும் இனிப்பு வரும் என்று அக்குழந்தை கற்றுக்கொண்டது.

எலிக்கும் புறாவுக்கும் பொருந்துவது பிள்ளைக்கும் பொருந்துமோ என்று நேயர்கள் ஐயுறலாம். அமெரிக்க உளவியலாரான வில்லியம்ஸ் 1959இல் வெளியிட்ட சிறு குறிப்பொன்று இங்கே பயன்படும். இருபத்தொரு மாதக் குழந்தையொன்று. பிறந்து ஒன்றரை வயதுவரை பெரும்பாலும் கடும் நோயுற்றிருந்தபடியால், எல்லோரும் அதன் அருகிலேயே இருந்து பழக்கிவிட்டனர். நோய் நீங்கிய பின்பும், அது உறங்கும் வரை ஒருவர் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருக்கவேண்டும். இருப்பவர் புத்தகம் வாசித்தாலும் அழும்! உடல்நலத்துக்குக் குறையில்லை என்று வைத்தியர் உறுதி கூறிய பின்னர், பெற்றோர் அன்பாகப் பேசிப் படுக்க வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியேறித் திரும்பி வராதிருந்தனர். முதல் இரவு குழந்தை நாற்பத்தைந்து நிமிடம் அழுதது. பத்தாம் தடவை சிரித்துக்கொண்டே வழியனுப்பியது.

ஒரு வாரம் சென்றது. ஒருநாள் குழந்தையைப் படுக்க வைத்தவள் அதன் சின்னம்மாவோ மாமியோ. ஆங்கிலச் சொல் அதனைப் பிரித்துச் சொல்லவில்லை. குழந்தை வீரிட்டது. அவள் மனம் பொறாமல் திரும்பிச் சென்று, உறங்கும் வரை உடனிருந்தாள். அந்த ஒரே இரவுதான். அழுகை பழையபடி மூண்டது. அதனை மீண்டும் அடக்க ஒன்பது தடவைகள் சென்றன. பின்னர் இரண்டாண்டு காலம் அத்தொல்லை இருக்கவில்லை.

சின்னஞ்சிறு குழந்தையைத் தனியறையில் உறங்க வைப்பது நம்மவர் வழக்கமன்று. அவ்வாறு செய்யுங்கள் என்று நாம் சொல்லவும் வரவில்லை. அப்பம்மா இருக்கும் வீட்டிலே நாற்பத்தைந்து நிமிட அழுகை நடக்கக்கூடிய காரியமுமன்று. பசியாலும் நோவாலும் அச்சத்தாலும் அழும் குழந்தையை அழவிடுதல் கொடுமை. நாம் பேசுவது அடம்பிடிக்கும் அழுகையைப் பற்றியே. அங்கேயும் கொடுப்பதாயின் கேட்டவுடனே கொடுத்துவிடுவது மேல். பத்து நிமிடம் அழவிட்டுக் கொடுப்பவர் பத்து நிமிடம் அழக் கற்பிக்கின்றார். மறுப்பதாயின் வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுகமாக மறுக்கவேண்டும். தாய் மறுத்ததை மாமா ஒளித்துக் கொடுக்கும் வீடுகளிலே அடம் ஓங்கி வளர்வதில் வியப்பில்லை. மறுக்கத் தொடங்கிய முதல் நாட்களில் அழுகை முன்னையினும் உரத்துக் கேட்பதும் உண்டு. பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது அந்தக் கட்டத்திலேதான்.

இதே விதியை நற்பழக்கத்துக்கும் பயன்படுத்தலாம். எழுத்துப் பழகும் பிள்ளைக்குத் தொடக்கத்திலே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாராட்டு வேண்டும். சில வாரங்கள் சென்றபின் வரிக்கு ஒன்று போதும். அதன்பின் பக்கத்துக்கு ஒன்று. அதுவும் எந்தப் பக்கத்துக்கு என்று பிள்ளை முன்கூட்டியே அறியாதிருத்தல் நன்று.