மனத்தில் எழுந்த பின் மாடி

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பினார். எங்கெங்கோ தேடியும் பொருள் சேரவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார் என்பதும், காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னரின் கனவில் இறைவன் தோன்றிக் குடமுழுக்கு நாளைத் தள்ளி வைக்கச் சொன்னதும் அன்பர்கள் அறிந்த வரலாறு. பலரும் கவனியாமல் விடுவது அவர் கட்டிய முறையை. எண்ணத்தால் கட்டும் கோயில்தானே என்று அவர் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. பொருளைத் திரட்டினார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் இட்டார், அடியிலிருந்து சிகரம் வரை அளவு பிசகாமல் எழுப்பினார். கிணறும் மதிலும் குளமும் அமைந்த பின்னரே பிரதிட்டைக்கு நாள் குறித்தார். செங்கல் ஒன்றுகூட வாங்காத கட்டடத்துக்கே இத்தனை ஒழுங்கு!

அந்தத் திருநின்றவூருக்குத் தெற்கே, இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருப்பது வல்லம் வடகால். ஒருகாலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த வட்டாரம் இது. இன்று சிப்காட் தொழிற்பூங்காவால் பெயர் பெற்றிருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஆலை இங்கே 2017-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வருவோருக்கு அப்படி ஓர் ஏற்பாடு. உள்ளூர்க் குடும்பங்களின் நிலை வேறு. முன்பெல்லாம் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். வீடு பெரியவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது வேலையே வாசலுக்கு வந்துவிட்டது. மகன் இங்கேயே இருக்கிறான், மருமகள் வருகிறாள், பேரன் பேத்திகள் வளர்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறை. அடுத்த பேச்சு மாடியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

மாடி என்றதும் பெரியவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். வாஸ்து புருஷன் கண் விழிப்பது ஆண்டில் எட்டு நாட்கள். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் அவர் விழிப்பதில்லை. விழித்திருக்கும் மூன்றே முக்கால் நாழிகையில், அதாவது ஒன்றரை மணி நேரத்தில், அவர் உணவு கொள்ளும் பகுதியும் தாம்பூலம் தரிக்கும் பகுதியுமே பூசைக்கு உகந்தவை என்பர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாஸ்து நாள் உண்டு. ஆயினும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அவை வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். பஞ்சாங்கம் அனுமதித்தாலும் மேகம் அனுமதிப்பதில்லை. தை 12-இல் தொடங்கினால் மழையும் ஓய்ந்திருக்கும், கோடையின் கடுமைக்கு முன்பே தளம் போட்டு நன்றாகத் தண்ணீர் கட்டி வைக்கவும் முடியும்.

நாளைக் குறிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, பழைய வீடு இன்னொரு தளத்தைத் தாங்குமா என்பது. சுவரே சுமையைத் தாங்கும்படி கட்டிய வீடு ஒரு வகை. கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் தாங்கும் வீடு மற்றொரு வகை. முதல் வகை வீட்டின் மேல் கணக்குப் பார்க்காமல் மாடி எழுப்புவது ஆபத்து. கடைக்காலின் ஓரமாக ஓரிடத்தில் தோண்டி அதன் ஆழத்தையும் மண்ணின் தன்மையையும் பொறியாளர் பார்த்த பின்பே வரைபடம் போட வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் அது இந்தக் கணக்குக்கு ஈடாகாது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் அனுமதி தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. பழைய வீட்டின் மேல் கட்டுவோர் அது தமக்குப் பொருந்துமா என்பதையும் அதே பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நல்ல குடும்பங்களில்தான் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மாடி யாருடையது?

மனை தந்தையின் பெயரில் இருக்கிறது, கடன் வாங்கிக் கட்டப்போவது மகன் என்று வைத்துக்கொள்ளலாம். வங்கி மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு ஆகியவற்றைக் கேட்கும். மனை தந்தையுடையது ஆகையால் அவரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து வெறும் சாட்சிக் கையெழுத்து அன்று. தவணை தவறினால் அடமானத்தில் நிற்பது பெரியவரின் வீடு. இணைக் கடனாளியாக ஒப்பமிட்டிருந்தால் கடனும் அவருடையதே. இனி மறுபக்கம். தந்தையின் காலத்துக்குப் பின் மகள்களும் வாரிசுகள். பூர்விகச் சொத்தாக இருந்தால் மகளுக்கு மகனோடு சம உரிமை உண்டு என்பதை 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நிலைநாட்டியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தெளிவாக்கியது. பதினைந்து ஆண்டுகள் தவணை கட்டிய மகன் "மாடி என்னுடையது" என்பான். "மண் அப்பாவுடையதுதானே" என்பாள் மகள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வழக்கு முடிவதில்லை.

மகள்களையும் மாப்பிள்ளைகளையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவதற்கு உரிய நாள், முதல் செங்கல் வருவதற்கு முந்தைய நாள். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தானால் உயில் எழுதலாம். மனம் மாறினால் அதை மாற்றியும் எழுதலாம். பூர்விகச் சொத்தானால் மகள்களுக்கு உரியதைக் கொடுத்து, அவர்கள் மனமொப்பித் தரும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். சீர் செய்தாயிற்றே என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் வாங்குவது பங்கு கொடுத்ததாகாது.

கடன் எளிதாகக் கிடைக்கட்டும் என்று முழு வீட்டையும் மகன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. இதில் அவசரம் வேண்டாம். எழுதிப் பதிவு செய்த தானத்தை உயிலைப் போல நினைத்தபோது மாற்ற இயலாது. எழுதத்தான் வேண்டும் என்றால், தம்பதியர் இருவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும், மகன் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுவது அவசியம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க வழி செய்கிறது. அதற்கான தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் இயங்குகிறது. நிபந்தனை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தச் சட்டத்தைப் பெரியவர்களின் நலன் கருதித் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் கூறியது. பிற்காலத்தில் நீதிபதியின் தாராளத்தை நம்புவதைக் காட்டிலும், பத்திரத்தில் இரண்டு வரி கூட்டி எழுதுவது எளிது. மகன் மீது ஐயம் கொண்டு எழுதுவதாக யாரும் வருந்த வேண்டியதில்லை. மகனுக்குப் பின் வருபவர்களையும் அந்த வரிகள் கட்டுப்படுத்தும்.

அறைகளின் அமைப்பைப் பொறுத்தவரை, இளையவர்கள் மாடிக்குப் போவதும் பெரியவர்கள் தரைத்தளத்தில் இருப்பதும் தானாகவே அமைந்துவிடும். ஆனால் படிக்கட்டுக்கு இடம் போதவில்லை என்று பெரியவர்களின் அறையை நறுக்குவதும், அவர்களைக் கூடத்துக்கு மாற்றுவதும் பல வரைபடங்களில் நடக்கின்றன. அறையை ஒட்டியே குளியலறை, வழுக்காத தரை, பிடித்து எழக் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு ஆகிய நான்கையும் கட்டும்போதே செய்துவிட்டால் செலவு சொற்பம். பின்னால் இடித்துச் செய்தால் பன்மடங்கு.

பூசை அறை ஈசானிய மூலையில் இருந்தால் அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் இதை மாற்ற ஒரு கோடு போதும். குழாய் பதித்த பிறகு மாற்ற இயலாது. மாடிக்குத் தனிப் பூசை அறை வேண்டும் என்று மருமகள் கேட்டால் ஒரு சிறு மாடம் வைத்துக் கொடுக்கலாம். குலதெய்வத்தின் படமும் குத்துவிளக்கும் கீழேயே இருக்கட்டும். மாலையில் விளக்கேற்றும் வேளையில் பேரப்பிள்ளைகள் படியிறங்கி வருவதற்கு அது ஒரு காரணமாக இருக்கும்.