அட்டவணையும் அறிவும்

வெப்ப இயக்கவியல் பயிலும் பொறியியல் மாணவன் கணினியின் துணையை நாடினால் அவனுடைய சிந்தனாசக்தி க்ஷீணித்துவிடும் என்று வாதிப்போர், நீராவி அட்டவணையின் இரு வரிகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கையால் கணக்கிடும் சிரமத்தையே சாஸ்திர ஞானம் என்று கருதிவிட்டார்கள். அது கணித அப்பியாசமேயன்றி வெப்ப இயக்கவியல் அன்று. ஜெர்மானியப் பேராசிரியர் ரிச்சர்ட் மோலியர் 1904-ல் என்தால்பியையும் என்ட்ரோபியையும் அச்சுகளாகக் கொண்ட வரைபடத்தை வகுத்தளித்தபோதும் இச்சிரமமே குறைந்தது. அதனால் எந்தப் பொறியாளனும் மந்தபுத்தி உடையவனாகிவிடவில்லை.

நீராவி மின்நிலையங்களின் அடிப்படையான ரேங்கின் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். 600 டிகிரி செல்சியஸ் நீராவியால் இயங்கி, 10 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் அதைக் குளிர்விக்கும் இலட்சிய நிலையமொன்றில், கொதிகலன் அழுத்தத்தை 3 மெகாபாஸ்கலிலிருந்து 15-க்கு உயர்த்தினால், வினைத்திறன் சுமார் 37 சதவீதத்திலிருந்து 43-க்கு ஏறுகிறது. ஆனால் டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியின் ஈரம் ஏறத்தாழ 8.5 சதவீதத்திலிருந்து 20-ஐ நெருங்கி, பிளேடுகளை அரிக்கத் தலைப்படுகிறது. நீராவியை இடையில் மீண்டும் சூடாக்கும் மறுசூடேற்றம் ஏன் அவசியம் என்பது இந்த முரண்பாட்டைத் தானே கண்டுணர்ந்தவனுக்குத்தான் நன்கு விளங்கும். அட்டவணையோடு மல்லாடுபவன் ஒரு மாலைப்பொழுதில் ஓரிரு அழுத்தங்களைத் தாண்டமாட்டான். மென்பொருள் உடையவனோ பலவற்றைப் பரிசீலித்து, மாற்றத்தின் போக்கையே கிரகித்துவிடுவான்.

விடையை மட்டும் உமிழ்வதே மென்பொருளின் சுபாவம் என்ற குற்றச்சாட்டும் நிலைக்காது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஃபோர்பஸ் குழுவினர் உருவாக்கிய சைக்கிள்பேட் என்னும் மென்பொருள், மாணவனுடைய அனுமானங்கள் முரண்படும்போது அதைச் சுட்டிக்காட்டி, ஒரு மதிப்பு எவ்வாறு பெறப்பட்டது என்பதற்குக் காரணமும் கூறுகிறது. நிரம்பிய வகுப்பில் ஒவ்வொருவருடைய தாளையும் அவ்வளவு பொறுமையோடு பரிசோதிக்க எந்த ஆசிரியருக்கு அவகாசம் உண்டு? அமைப்பின் எல்லையை வகுப்பதும் அனுமானங்களைத் தேர்வதும் மாணவனுடைய கடமை. பரீட்சையில் அவற்றையே கேளுங்கள், கூட்டிக் கழிப்பதைக் கணினிக்கு விட்டுவிடுங்கள்.