வினாத்தாள் மென்பொருள்: பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார்?

வினா வங்கியிலிருந்து கேள்விகளைப் பொறுக்கி, நொடிப்பொழுதில் வினாத்தாள் ஆக்கித் தரும் மென்பொருள்கள் இன்று கல்விச் சந்தைக்கு வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு வினாக்களையே உருவாக்குகிறது. கேட்ட மொழியில் பெயர்த்தும் தருகிறது. ஆசிரியரின் சுமை குறையும், வினாத்தாள் கசியாது என்பது விற்போர் வாதம். ஆனால், பாலக்காடு எல்லையிலுள்ள முதலமடையில் தமிழ்வழியில் பயிலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு இதனால் விளையப்போவது என்ன?

2018 நீட் தேர்வின் அனுபவம் இதற்கு விடை கூறும். அத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. சிறுத்தை ‘சீத்தா’வாயிற்று. தோழர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், 196 மதிப்பெண் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அதை முதலில் நிறுத்திவைத்தது. பின்னர் ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே இறுதியானது என்ற விதி இன்றும் நீடிக்கிறது. பிழை செய்வது தேர்வு நடத்துவோர்; தண்டனை பெறுவது தமிழ்வழி மாணவர்!

முதலமடை மாணவருக்கோ இரட்டைச் சுமை. நீட் தமிழ் வினாத்தாள் தரப்படும் மையங்களின் பட்டியலில் கேரளம் இல்லை. மாநிலத்துக்கு ஒரு மொழி என்று கணக்கிடும் நிர்வாகத்தின் கண்ணுக்கு மொழிச் சிறுபான்மையினர் தென்படுவதில்லை. அதே நிர்வாகப் பார்வையில் வடிக்கப்படும் மென்பொருளுக்கு மட்டும் எப்படித் தென்படுவர்?

மனிதர் பிழை செய்தபோது, யார் பெயர்த்தார், எந்தக் கலைச்சொல்லைக் கொண்டு பெயர்த்தார் என்று கேட்க வழியிருந்தது. மென்பொருளைக் கூண்டில் ஏற்ற முடியாது; ‘கணினி அப்படித் தந்தது’ என்ற ஒரு சொல்லில் அதிகாரிகள் தப்பித்துக்கொள்வர். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் காலம் கடத்தவும் அதுவே சாக்காகும்.

இயந்திரம் நமக்குப் பகையன்று. அது யார் கையில், எதற்காக இயங்குகிறது என்பதே கேள்வி. ஆசிரியருக்கு உதவும் கருவியாக மென்பொருள் இருக்கட்டும். வினாவை இறுதி செய்வது, வகுப்பறையில் அப்பாடத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும். பாடநூலின் கலைச்சொல்லே வினாத்தாளிலும் வர வேண்டும். மொழிபெயர்ப்பு பிழையானால் அதன் பயன் மாணவருக்கே சேர வேண்டும்.

தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மையினரின் தாய்மொழிக்கு வசதி செய்து தருமாறு அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு பணிக்கிறது. தாய்மொழியில் கற்பித்துவிட்டு, எவரும் பொறுப்பேற்காத மொழியில் தேர்வு நடத்துவது அந்த உரிமையைக் கேலிக்கூத்தாக்குவதாகும். எல்லையோரக் கிளைகள் இக்கோரிக்கையைப் பெற்றோரிடமும் ஆசிரியர் சங்கங்களிடமும் கொண்டுசெல்ல வேண்டிய தருணம் இது.