காஸ் அடிச்சால் திருத்தினதாகுமா?

மன்னாரில் ஏசி குளிரவில்லை எண்டு வாகனத்தைக் கொண்டுபோனால் நாங்கள் அதிகம் கேட்கிற பதில், "காஸ் முடிஞ்சுது, அடிச்சு விடுறன்." காசைக் குடுத்திட்டு வாறம். கொஞ்ச நாள் நல்லாக் குளிரும். பிறகு திரும்ப அதே வாசல், அதே பதில். இந்தப் பழக்கத்தை நாங்கள் விட வேணும். கராஜ்காரரைவிட முதல் மாற வேண்டியது, "கெதியா அடிச்சு விடுங்கோ" எண்டு அவசரப்படுத்துற நாங்கள்தான்.

ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு தீருற சாமான் இல்லை. மூடின குழாய்களுக்குள்ள சுத்திச் சுத்தி ஓடுறது. றப்பர் ஹோஸ்களாலும் இணைப்புகளாலும் வருசக்கணக்கில் சொட்டுச் சொட்டாய்க் குறையலாம். ஆனால் ரெண்டு மாதத்தில் குறைஞ்சால் எங்கேயோ ஓட்டை இருக்கு எண்டு அர்த்தம். ஓட்டை வாளிக்குத் தண்ணி அள்ளி ஊத்துற வேலையைத்தான் காசு குடுத்துச் செய்யிறம்.

இன்னொண்டு, குளிர் குறைஞ்சால் காஸ்தான் காரணம் எண்டும் இல்லை. காத்தே குறைவாய் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கபின் பில்டர். அநேகமான கார்களில் டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால இருக்கும். எங்கட மண் புழுதிக்கு அது சாக்கு மாதிரி அடைஞ்சு போகும். ஓடேக்க குளிர்ந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிக்கேக்க சூடாய் வந்தால், முன்னுக்கு இருக்கிற கொண்டென்சரையும் அதின்ர விசிறியையும் பார்க்க வேணும். இதெல்லாம் சரியாய் இருந்தும் கிழமைக்குக் கிழமை குளிர் குறைஞ்சு போனால்தான் கசிவில் கூடுதல் சந்தேகம்.

மன்னாரில் கொண்டென்சருக்கு விசேஷமான எதிரி ஒண்டு இருக்கு. தம்பபவனிக் காத்தாலைகளைச் சுத்த வைக்கிற அதே சோளகம்தான் உப்பையும் மணலையும் கொண்டுவந்து அலுமினியத் தகடுகளில் அப்புது. பாலத்தால தினமும் போய்வாற வாகனங்களுக்குக் கேட்கவே வேண்டாம். உப்பு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், ஈரம் அலுமினியத்தை அரிக்கும், கடைசியில் ஊசி முனையளவு ஓட்டை விழும். அதனால மெல்லிய வேகத்தில் தண்ணி விட்டுக் கழுவுறது நல்லது. பிரஷர் பம்பால அடிச்சால் தகடு மடங்கிக் காத்துப் போக வழியில்லாமல் போகும். அதோட, தீவுக்குள்ள உவர்க் கிணத்துத் தண்ணியால கழுவினால் உப்பை உப்பால கழுவின கதைதான்.

"மீட்டர் வைச்சுப் பாத்துத்தானே அடிக்கினம்" எண்டு சிலர் சொல்லுவினம். மீட்டர் அழுத்தத்தைக் காட்டும். உள்ளுக்குள்ள எத்தனை கிராம் இருக்கு எண்டு காட்டாது. வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். அளவு கூடினாலும் குளிர் குறையும், கொம்பிரசரும் கெதியாய்ப் போகும். பொனட்டுக்குக் கீழ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் காஸின்ர வகையும் நிறையும் எழுதியிருக்கும். மிச்சக் காஸை மெஷினால இழுத்தெடுத்து, ஓட்டையை அடைச்சு, வாக்குவம் போட்டு, தராசில் நிறுத்து அந்த அளவை ஏத்துறதுதான் முறை.

இது எங்கட பொக்கற்றோட முடியிற விசயமும் இல்லை. கன கார்களில் இருக்கிறது ஆர்-134ஏ. ஓசோனை அழிக்காது எண்டு ஆர்-12இன் இடத்துக்கு வந்தது. ஆனால் பூமியைச் சூடாக்குறதில் அது கார்பனீரொட்சைட்டைப் போல 1,430 மடங்கு எண்டது கிகாலித் திருத்தத்தில் இருக்கிற கணக்கு. இலங்கை அந்தத் திருத்தத்தை 2018இல் ஏற்றுக்கொண்டது. ஒரு சின்னக் காரில் 400 கிராம் இருக்குதெண்டு வைப்பம். அது வெளியில போறது கிட்டத்தட்ட 570 கிலோ கார்பனீரொட்சைட்டுக்குச் சமன். ஏறக்குறைய 250 லீற்றர் பெற்றோல் எரிச்ச கணக்கு. வெக்கைக்குப் பயந்து ஏசி போடுறம். அதே ஏசியால வெக்கையைக் கூட்டுறம்.

"சும்மா சொல்லலாம், காசுக்கு எங்க போறது?" எண்ட கேள்வி நியாயமானது. 2020இல் நிப்பாட்டின கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. விலையும் எங்கட கைக்கு எட்டுறதாய் இல்லை. பழைய வானை வைச்சு ஹயர் ஓடுறவருக்கு கொண்டென்சர் மாத்துறது பெரிய செலவுதான். ஆனால் வருசத்துக்கு மூண்டு நாலு தரம் காஸ் அடிக்கிற காசையும், கடைசியில் எரிஞ்சுபோற கொம்பிரசரின்ர விலையையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுறன். அந்த வானில் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக் போற வயசான ஆக்களுக்கு ஏசி ஆடம்பரம் இல்லை.

கராஜ்களிட்ட ஒரு யோசனை: காஸை மீட்டெடுக்கிற மெஷின், நைதரசன் சிலிண்டர், தராசு எல்லாம் தனிய ஒருத்தர் வாங்கக் கஷ்டம். டவுனில் நாலைஞ்சு பேர் சேர்ந்து வாங்கலாம். ஒரே கடலில் கரைவலை இழுக்கிற ஊருக்குக் கூட்டாய் முதல் போடுறது புதுசில்லை.

எங்கட பங்கு சின்னது. அடுத்தமுறை மூண்டு கேள்வி கேட்பம்: எங்க கசியுது? மிச்சக் காஸை என்ன செய்யிறீங்கள்? எத்தனை கிராம் ஏத்தினீங்கள்? ஓட்டையைத் தேடிப் பாக்கிற பாஸுக்கு அந்த நேரத்துக்கும் கூலி குடுப்பம். அடிச்ச காஸுக்கு மட்டும் காசு குடுத்தால், அவர் ஏன் ஓட்டையைத் தேடப் போறார்?